மலைச் சுத்துல நான் அவுக்காம விட்ட நூல்

நம்ம காலை நடைக் கூட்டத்து வாட்ஸப்புல ஒரு வாரமா இதே பேச்சு. ஜவ்வாது மலையில சுத்துப் பாதை ஒண்ணு இருக்காம். காட்டுக்குள்ள பூந்து, நாலு பழைய மலை ஊரைத் தொட்டு, புறப்பட்ட எடத்துக்கே சாயங்காலம் வந்துடலாமாம். பேரப் பசங்களையும் இட்டுகினு போலாமாம். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டீங்க. நான் மட்டும் கம்முனு இருக்கேன்னு "இன்னாங்க டீச்சரம்மா, முட்டி வலியா?"ன்னு கேக்கறீங்க.

முட்டி நல்லாத்தான் இருக்குது. அந்தச் சுத்தை என் பத்து வயசுல ஒரு தடவை நடந்திருக்கேன். போன செவ்வாக்கிழமை யார்கிட்டயும் சொல்லாம மறுபடியும் போயிட்டு வந்தேன். நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது, அதான் எழுதறேன். பொறுமையா படிங்க. நடுவுல ரோஜாப்பூ படம், குட் மார்னிங் எல்லாம் போடாதீங்க.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஆரணியை விடவே இல்லை. எங்க ஊட்டுல தறிக்குக் கீழ காலை விடற தறிக்குழியில தண்ணி ஊறிடுச்சு. எங்கப்பா, நைனான்னுதான் கூப்புடுவோம், நாலு நாள் சொம்பு வச்சி மொண்டு மொண்டு ஊத்தினாரு. அஞ்சாம் நாள் பார்த்தா மறுபடியும் கணுக்கால் அளவு தண்ணி. சொம்பைத் தூக்கி மூலையில போட்டுட்டாரு. யாரோ கல்யாணத்துக்கு நெய்யற மஞ்சள் பட்டு, அரக்கு கரை, பாதியில நின்னுடுச்சு. தறியில இழுத்துக் கட்டின பாவு ஈரத்துல தொய்ஞ்சி போய் கெடந்துச்சு.

தறியில உக்காராத நெசவுக்காரரை ஊட்டுல வச்சி மேய்க்கிறது பெரிய பேஜாருங்க. உங்கள்ல தறிக்கார ஊட்டுல பொறந்தவங்களுக்குத் தெரியும். குழம்புல உப்பு அதிகம்பாரு. நாங்க சிரிச்சா ஏன் சிரிக்கிறேம்பாரு. சிரிக்கலைன்னா எழவு ஊடா இதும்பாரு. அம்மா பாவம், பதில் பேசாது. அத்தை, அதாவது நைனாவோட தங்கச்சி, எங்களோடயே இருந்துச்சு. அதுதான் அவருக்கு சரிக்குச் சரி வாய் கொடுக்கும்.

அப்படி ஒரு நாள்தான் தேன்காரர் வந்தாரு. மாசம் ஒரு தடவை மலையில இருந்து எறங்கி எங்க தெருவுக்குத் தேன் கொண்டாருவாரு. தேன் மூங்கில் குழாயில இருக்கும், வாயில இலையை வச்சி அடைச்சிருப்பாரு. எங்களுக்கு மட்டும் உள்ளங்கையில ஊத்துவாரு. கொஞ்சம் பொகை வாடை அடிக்கும், தேனீ றெக்கை ஒண்ணு ரெண்டு ஒட்டிகினு இருக்கும், அதோடயே நக்கிடுவோம். அந்த மூங்கில் குழாய் ஒண்ணு எங்க ஊட்டுல ரொம்ப நாள் கெடந்துச்சு. அப்பால எங்க போச்சுன்னு தெரியலை.

அவரு ஊட்டுக்குள்ள வந்து தறிகிட்ட குந்திகினுதான் நைனாகிட்ட பேசுவாரு. குழியை எட்டிப் பார்த்துட்டு, "தண்ணி வத்தற வரைக்கும் இதையே பார்த்துகினு இருப்பீங்களா அண்ணா? அண்ணியை, புள்ளைங்களை இட்டுகினு மலைக்கு வாங்க. எங்க ஊட்டுல சோறு துண்ணுட்டு ஒரு சுத்து சுத்திட்டு எறங்கிடலாம்"ன்னாரு. நைனா சரின்னுட்டாரு. எங்களுக்கு நம்பவே முடியலை. அவரு எங்களை ஆத்தங்கரைக்குக் கூட இட்டுகினு போனது கெடையாது.

கண்ணமங்கலம் போய் வேற பஸ் மாறி அடிவாரத்துல எறங்கினோம். தேன்காரர் காத்துகினு இருந்தாரு. அன்னைக்குன்னு பார்த்து மழை விட்டிருந்துச்சு. அம்மா தூக்குவாளியில புளிச்சோறு வச்சிருந்துச்சு. நைனாவும் தேன்காரரும் முன்னால, நாங்க பின்னால. தம்பிக்கு அப்ப நாலு வயசு. கொஞ்ச தூரம் நடந்ததும் காலைப் பரப்பிகினு நின்னுட்டான். அத்தை என்னைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைக்கு ஆண்டவன் இடுப்பை எதுக்கு வச்சான்? தூக்குடி"ன்னுச்சு. தூக்கினேன். மொத ஊர் வரைக்கும் தூக்கினேன், ரெண்டாவது ஊர் வரைக்கும் தூக்கினேன்.

இருந்தாலும் எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நம்ம ஆறு அந்த மலையில இருந்துதான் எறங்குதுன்னு தேன்காரர் ஒரு ஓடையைக் காட்டினாரு. நம்ப முடியலை, நான் ஒரே தாண்டுல தாண்டிட்டேன். எலுமிச்சம் வாசனை அடிக்கிற ஒரு புல்லைப் பிச்சிக் கசக்கிக் கொடுத்தாரு. ரெண்டாவது ஊர்ல வில்லு புடிச்ச ஆள் ஒருத்தரைச் செதுக்கின கல்லு நட்டிருந்துச்சு. எண்ணெய் தடவித் தடவி மூஞ்சே தேய்ஞ்சி போயிருந்துச்சு. அது எந்த ராஜான்னு நான் கேட்டேன். "ராஜா எல்லாம் இல்லை பாப்பா, மாட்டைக் காப்பாத்தப் போயி செத்தவரு"ன்னாரு.

மூணாவது ஊர்தான் தேன்காரர் ஊர். ஏழெட்டு மண் ஊடு, மேல புல்லுக் கூரை. அவரு சம்சாரத்தை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப சின்ன வயசு, அக்கான்னுதான் கூப்புட்டேன். நெறை மாசம். சாமைச் சோறும் கொள்ளுத் துவையலும் போட்டுச்சு. நைனா உப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம ரெண்டு தடவை வாங்கித் துண்ணாரு.

துண்ணு முடிச்சதும் அந்த அக்கா என் கையைப் புடிச்சி வயித்து மேல வச்சிச்சு. உள்ள இருந்து ஒரு இடி. நான் கையை இழுத்துகினேன். அக்கா சிரிச்சிது. "உன்னைத்தான் உதைக்குது பாப்பா. அடுத்த தடவை நீங்க வரப்ப அதைத் தூக்கிகினு நீ நடக்கணும்"ன்னுச்சு. தம்பியைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சிருந்தவ, அதை மட்டும் தூக்கறேன்னு சொன்னேன்.

பொறப்படறப்ப அக்கா ஒண்ணு சொல்லிச்சு. நைனா, அம்மா, அத்தை எல்லாரும் கேட்டாங்க. அந்த வருஷம் மேல் மலையில ரெண்டு ஊர்ல அம்மை போட்டிருந்துச்சு. அம்மை இருக்கிற ஊர்னா வழியில குறுக்கால மஞ்சள் நூல் கட்டியிருப்பாங்க. அதைத் தாண்டி யாரும் காலை வைக்கக் கூடாது. மாசமா இருக்கிறவங்களை அந்தப் பக்கம் காட்டவே கூடாது. "நூலைப் பார்த்தீங்கன்னா திரும்பிடுங்க அண்ணி, புள்ளைங்க இருக்குது"ன்னு சொல்லி அனுப்பிச்சு.

தேன்காரர் எங்களோட வரலை. நாள் நெருங்குதுன்னு பொண்டாட்டிகூட இருந்துட்டாரு. வழி மட்டும் சொன்னாரு. மூணு எடத்துல பாதை ரெண்டா பிரியும், எப்பவும் இடது பக்கமே போங்க. கடைசிப் பிரிவுல வலது பக்கம் போனா நாலாவது ஊருக்குள்ள பூந்து ஜல்தியா எறங்கிடலாம், ஆனா சரிவு, புள்ளைங்களோட வேணாம், அந்த ஊருக்கு வெளியால சுத்திகினே எறங்கிடுங்கன்னாரு. அவரை உட்டுட்டு ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் வந்ததும், கடைசி பஸ் போயிடப் போவுதுன்னு நைனாவுக்கு பயம். தான் முன்னால ஓடி பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன், நீங்க மெதுவா வாங்கன்னாரு. அப்ப நாங்க வழி மாறிட்டா? அதுக்கும் ஒரு யோசனை வச்சிருந்தாரு. நெசவுக்காரர் மடியில நூல் இல்லாம இருக்காது. அறுந்த இழையை முடியறதுக்கு எந்நேரமும் கொஞ்சம் சொருகி வச்சிருப்பாரு. அந்த நூலை நாலஞ்சி இழை சேர்த்து முறுக்கி, போகக் கூடாத பாதைக்குக் குறுக்கால கட்டிட்டுப் போறேன், நூல் இல்லாத பக்கம் வாங்கன்னாரு.

தறியில அப்ப ஓடிகினு இருந்தது மஞ்சள். மடியில இருந்ததும் மஞ்சள்தான்.

இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கு ஆறலை. ஒரு நாழிகைக்கு முன்னாலதான் அந்த அக்கா வாயால கேட்டுட்டு வந்திருக்கோம். மூணு பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தருக்கும் தோணலை. வேற ஜனமா இருந்தா மஞ்சள் நூலைக் கையில எடுத்ததும் யோசிச்சிருப்பாங்க. எங்களுக்கு மஞ்சள் ஒரு கலர், அவ்வளவுதான். அரக்கு இருக்கிற மாதிரி, பச்சை இருக்கிற மாதிரி. சாயங்காலம் காயப் போட்டா தெருவே மஞ்சளா இருக்கும், அதுக்கெல்லாம் யாரு பயந்தா?

பட்டு நூலை வீணாக்கக் கூடாதில்ல, அதனால எனக்கு ஒரு வேலை கொடுத்தாரு. "கடைசியா நீ வா. தாண்டினதும் அவுத்து கையில சுத்திகினு வந்துடு."

சொல்லிட்டு, தம்பி தலையைத் தடவி, "என் சிங்கம், மலையே ஏறிட்டான் பாரு"ன்னாரு. எனக்குக் குபுக்குன்னு கோவம் வந்துச்சு. ஏறினது அவனா, நானா? என்னை ஒரு வார்த்தை சொல்லலை. சொன்னது நூலை அவுன்னு மட்டுந்தான்.

மொதப் பிரிவுல அவுத்தேன். ரெண்டாவதுலயும் அவுத்தேன். மூணாவது பிரிவுக்கு வர்றப்ப தூறல் போட ஆரம்பிச்சிடுச்சு. தம்பி மறுபடியும் என் இடுப்புல. அத்தை முன்னால இருந்து, "ஜல்தி வாடி, நனைஞ்சா ஜுரம் வரும்"னு கத்திகினு இருந்துச்சு. வலது பக்கப் பாதைக்குக் குறுக்கால ரெண்டு மரத்துக்கு நடுவுல நூல் விறைப்பா நின்னுச்சு. முடிச்சு அழகா போட்டிருந்தாரு. தம்பியை எறக்கி வைக்கணும், அவுக்கணும், மறுபடியும் தூக்கணும். அவசரத்துல மறந்துட்டேன்னு எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிகினு இருந்தேன். பொய். பார்த்தேன். வேணும்னா அவரே வந்து அவுத்துக்கட்டும்னு சொல்லிட்டு நடந்தேன்.

பஸ்ல நைனா கேட்டாரு, "எல்லாத்தையும் அவுத்துட்டியா?"

"அவுத்துட்டேன் நைனா."

கையில சுத்தி வச்சிருந்ததை வாங்கினாரு. பார்க்காமலே மடியில சொருகிகினாரு.

பத்து நாள் இருக்கும். குழியில தண்ணி வத்தி, தறி ஓட ஆரம்பிச்சிடுச்சு. தேன்காரர் வந்தாரு. கையில தேன் இல்லை. தாடி வளர்ந்திருந்துச்சு. எப்பவும் உள்ள வர்றவரை அன்னைக்கு நைனா எழுந்து போயி வாசப்படியிலயே நிறுத்திட்டாரு. மூஞ்சைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கணும்.

தேன்காரர் அழாம சொன்னாரு. நாங்க எறங்கின அன்னைக்கே பொழுது சாயற நேரத்துல அக்காவுக்கு வலி எடுத்திருக்கு. புள்ளை குறுக்கால திரும்பியிருக்குது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு அந்த ஊர் மருத்துவச்சி சொல்லிட்டாங்க. டோலி கட்டி நாலு பேரு தூக்கிகினு ஓடி வந்திருக்காங்க. கடைசிப் பிரிவுல, வலது பக்க எறக்கத்து வாயிலேயே மஞ்சள் நூல். நாலாவது ஊர்லயும் அம்மை வந்துடுச்சுன்னு நெனைச்சி, நெறை மாசக்காரியை அதுக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு, திரும்பி சுத்துப் பாதையில எறங்கியிருக்காங்க. மழை, வழுக்கல். பாதி வழியிலயே புள்ளை பொறந்துச்சு. ஆம்பளப் புள்ளை. அழவே இல்லை. அக்கா பொழைச்சிகினுச்சு.

"மறுநாள் போய்ப் பார்த்தேன் அண்ணா. அந்த ஊர்ல அம்மையே இல்லை. நாங்க கட்டலைன்றாங்க" அப்படின்னு சொல்லிட்டு, மடியில இருந்து ஒரு தேக்கிலையை எடுத்துப் பிரிச்சாரு. "எங்க பக்கம் பருத்தி நூல்தான் கட்டுவாங்க. இது மினுக்குது. உங்க நூலான்னு கொஞ்சம் பாருங்க."

நைனா வாங்கினாரு. நூலை எங்க ஆளுங்க கண்ணால பார்க்க மாட்டாங்க, வெரல்ல உருட்டித்தான் பார்ப்பாங்க. முறுக்கைப் பிரிச்சாரு. முடிச்சைத் தடவினாரு. அப்பால தலையைத் தூக்கி, அம்மா பக்கத்துல நின்னுகினு இருந்த என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் எல்லாம் இல்லை.

"இல்லைப்பா. இது எங்க நூல் இல்லை."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க அண்ணா."

"நான் இன்னாத்துக்கு மலையில வந்து நூல் கட்டப் போறேன்? வேற யார்னா கட்டியிருப்பாங்க."

முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதும்பாங்களே, அதேதான். உள்ள ரூம்புல அதே மஞ்சள் முக்கால் சேலையா தறியில கெடக்குது. நான் வாயைத் தொறக்கப் போனேன்னு நெனைக்கிறேன், உறுதியா சொல்ல முடியலை. அம்மா கை என் தோள்ல இறுகிச்சு. அத்தை, அவ்வளவு வாய் பேசற அத்தை, அடுப்படிக்குப் போயிடுச்சு.

தேன்காரர் அந்த நூலைத் திருப்பி வாங்கி இலையில மடிச்சிகினாரு. "சரிங்கண்ணா"ன்னாரு. சாப்புட்டுப் போன்னு கூட யாரும் சொல்லலை. அதுக்கப்புறம் அவரு எங்க தெருவுக்கு வரவே இல்லை.

ஊட்டுல யாரும் அதைப் பத்தி மறுபடியும் பேசலை. என்னை அடிக்கலை, ஒரு கேள்வி கேக்கலை. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் படிச்சேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் பண்ணிகினேன். எத்தனையோ புள்ளைங்களுக்கு உண்மை பேசணும்னு போர்டுல எழுதிப் போட்டேன், வெக்கமே இல்லாம.

நைனா படுக்கையில விழுந்தப்ப ஒரு நாள் மத்தியானம் கேட்டுட்டேன். "அன்னைக்கு ஏன் நைனா இல்லைன்னு சொன்ன?" "உன் மூஞ்சைப் பார்த்தேன். வாய்ல வந்துடுச்சு"ன்னாரு. அப்பால, "ஆமான்னு சொல்லியிருந்தா செத்த புள்ளை வந்துடுமா?"ன்னு கேட்டாரு. அவரு சொல்றது சரிதான்னு தோணுச்சு. பொய் சொன்னதால புதுசா எதுவும் கெட்டுப் போகலை, தேன்காரருக்கும் உள்ளுக்குள்ள உண்மை தெரிஞ்சிதான் இருக்கும், அதனாலதான் வர்றதை நிறுத்திட்டாருன்னு நானும் சமாதானம் பண்ணிகினேன். கிட்டத்தட்ட என் வயசு முழுக்க அப்படித்தான் ஓட்டிட்டேன்.

அப்பத்தான் நீங்க குரூப்புல போட்டோ போட்டீங்க. அந்தக் கடைசிப் பிரிவு. இப்ப அம்புக்குறி போட்ட பலகை நட்டிருக்குது, இடது பக்கம் குடும்பத்தோட போறவங்களுக்கு, வலது பக்கம் செங்குத்துன்னு. போனை மூடி வச்சிட்டேன்.

செவ்வாக்கிழமை கெளம்பிட்டேன். இப்ப மூணாவது ஊருக்கு ரோடே போட்டிருக்காங்க, ஷேர் ஆட்டோ போவுது. புல்லுக் கூரை ஒண்ணு கூட இல்லை, எல்லாம் சிமெண்டுத் தார்சு. தேன்காரர் ஊடு எதுன்னு கேட்டேன். அவரு போயி பல வருஷம் ஆச்சு, சம்சாரம் மட்டும் இருக்குது, தங்கச்சி மகன் ஊட்டுலன்னு காட்டினாங்க.

அக்கா முறத்துல சாமை புடைச்சிகினு இருந்துச்சு. தலை முழுக்க நரைச்சிடுச்சு, கண்ணு மட்டும் நல்லா தெளிவா இருக்குது. ஆரணி தறிக்காரர் பொண்ணுன்னு சொன்னதும் முறத்தைக் கீழ வச்சிடுச்சு. "தம்பியை இடுப்புலயே வச்சிகினு இருந்தியே, அந்தப் பாப்பாவா?"ன்னு கேட்டு, பக்கத்துல உக்கார வச்சிச்சு. மோர் கொடுத்துச்சு. கொடுத்ததைக் குடிச்சிட்டா அப்பால சொல்ல முடியாதுன்னு டம்ளரைக் கையில வச்சிகினே சொன்னேன்.

"அக்கா, அந்த மஞ்சள் நூல் எங்களோடதுதான். எங்க நைனா கட்டினாரு. அவுக்க வேண்டியது நான். பார்த்தும் அவுக்காம வந்துட்டேன். நைனா சொன்னது பொய்."

அக்கா மறுபடியும் முறத்தை எடுத்துச்சு, ரெண்டு தடவை புடைச்சிது, நிறுத்திடுச்சு.

"உங்களுக்கு உள்ளூரத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்கா. அதனாலதான் அவரு வரலைன்னு..."

"தெரியாது"ன்னுச்சு. "நான் அப்பவே சொன்னேன், தறிக்காரங்க நூலாத்தான் இருக்கும்னு. அவரு ஒத்துக்கலை. மத்தவன் சொன்னா சந்தேகப்படலாம், தறிக்காரருக்குத் தன் நூலு தெரியாதா, கையில உருட்டிப் பார்த்துட்டு இல்லைன்னாரேன்னாரு. மலையில யாரும் கட்டலை, ஆரணிக்காரரும் கட்டலை. அப்ப அந்த அம்மனேதான் கட்டியிருக்கான்னுட்டாரு. நமக்குத்தான் வழியை மூடிட்டான்னு."

"அக்கா..."

"இன்னா தப்பு பண்ணோம், இன்னா தப்பு பண்ணோம்னு தேடிகினே இருந்தாரு. அம்மன் மரத்துல தேன் எடுத்துட்டேனோன்னு தேன் எடுக்கிறதையே வுட்டுட்டாரு. அந்த நூலைக் கொண்டு போயி கோயில்ல கட்டினாரு." தாழ்வாரத்துல வெளையாடிகினு இருந்த தங்கச்சி பேத்தியை ஒரு தடவை பார்த்துச்சு. "அம்மன் மூடின வழி, இனிமே நமக்குப் புள்ளை வேணாம்னுட்டாரு. என்னைத் தொடவே இல்லை. எனக்கு அப்ப இருபது வயசு."

நான் டம்ளரைக் கீழ வச்சிட்டு அக்கா காலைப் புடிச்சேன். அக்கா திட்டலை, என்னைத் தள்ளவும் இல்லை. மெதுவா ரெண்டு காலையும் உள்ளுக்கு இழுத்து, சேலைக்குள்ள மறைச்சிகினுச்சு.